முன்னால் ஐந்து கிலோமீட்டர்

நாலு மணி பத்து நிமிடத்துக்குக் கைபேசி அடித்தபோது ஹல்டிஸ் புது உருளைக்கிழங்குகளைத் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் விரல் பட்டாலே உரிந்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஜூலை மாத வெளிச்சம் மலைகளுக்கிடையே நுழைந்த கடலான ஃபியோர்டின் தண்ணீர் மேல் அசையாமல் கிடந்தது. எதிர்க்கரை மலையின் மடிப்புகளில் இன்னும் இரண்டு திட்டுப் பனி மிச்சம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் மேயும் ஆடுகளின் மணிச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. அடுப்பில் மீனுக்கு வைத்த தண்ணீரிலிருந்து சோம்புக்கீரை வாசனை கிளம்பிச் சமையலறை முழுக்க நிறைந்திருந்தது. ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்து, கைபேசியை எடுத்தாள். தங்கை சிக்னே.

திட்டப்படி அவர்கள் இந்நேரம் படகுத்துறையில் வரிசையில் நிற்க வேண்டும். காரோடு படகில் ஏறிய பிறகு கூப்பிடுவதாகத்தான் பேச்சு.

"அக்கா, இந்தச் சுரங்கம் எவ்ளோ நீளம்?"

"எந்தச் சுரங்கம்?"

"நீ எழுதிக் குடுத்தியே, ராவ்நிபா சுரங்கம்."

"பதினோரு கிலோமீட்டர். ஏன், அதைத் தாண்டி வந்தாச்சுல்ல?"

சிக்னே சிரித்தாள். சிரித்து முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல் இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

"இல்லக்கா. இன்னும் உள்ளேதான் இருக்கோம். நுழைஞ்சு அரை மணி நேரம் ஆகுது."

"உன் வீட்டுக்காரர் காரை ஓட்டறாரா, தள்ளிக்கிட்டு வர்றாரா?"

"எண்பதுல போறேன் ஹல்டிஸ்," யோஸ்டைனின் குரல் கேட்டது. பேச்சை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டிருந்தார்கள். "அதுக்கு மேல போனா நீங்கதான் திட்டுவீங்களே."

எண்பதில் போனால் எட்டு, மிஞ்சினால் ஒன்பது நிமிடம். ஹல்டிஸுக்கு அது கணக்குப் போட்டுத் தெரிய வேண்டியதில்லை. இருபத்தாறு வருடம் அந்தச் சுரங்கத்தில் பேருந்து ஓட்டியவள். நாலாவது கிலோமீட்டரில் லேசான இடப்பக்க வளைவு, நடுவில் நீல விளக்கு போட்ட அகன்ற குகை, கடைசியில் ஒரு இறக்கம், அப்புறம் கண்ணைக் கூசவைக்கும் கடல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"நேரத்தைச் சரியாப் பாருங்க," என்றாள். "நடுவுல எங்கயாவது நிறுத்தினீங்களா?"

"நிறுத்தலையே."

"சரி, வெளிய வந்ததும் கூப்பிடு."

கிழங்கை அடுப்பில் வைத்தாள். மனது அதில் இல்லை.

இந்தப் பயணத்துக்கான திட்டம் நவம்பரில் தொடங்கியது. அதற்கு முன் ஆறு வருடம் அக்கா தங்கைக்குள் பேச்சு கிடையாது, கிறிஸ்துமஸுக்கு ஒரு வரி வாழ்த்தைத் தவிர. அம்மாவை அடக்கம் செய்த அன்று, தேவாலய வாசலில், எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, சிக்னே ஏதோ சொல்ல, ஹல்டிஸ் அதைவிட மோசமாக ஒன்று சொன்னாள்: இனி உனக்கு இந்த ஊரில் யாரும் இல்லை. சொன்னதைத் திரும்பி எடுக்கத் தெரியாமல் ஆறு வருடம் ஓடிவிட்டது. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை சிக்னேதான் கூப்பிட்டாள். "துவாவுக்கு ஒன்பது வயசாகுது, நம்ம மலையையே பார்த்ததில்ல. கார்ல வரலாம்னு இருக்கோம். வழி போட்டுத் தர்றியா? உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும். வெளியே பனி குவியக் குவிய இரண்டு பேரும் ஆளுக்கொரு வரைபடத்தை விரித்துக்கொண்டு பேசினார்கள். எந்தத் திருப்பத்தில் நிறுத்தினால் அருவி முழுசாகத் தெரியும், எந்த ஊரில் கிழவர் ஒருவர் வாசலிலேயே ஆட்டுப் பாலாடைக்கட்டி விற்பார், எந்தப் பாறையில் கடல்நாய்கள் வெயில் காயும், எங்கே காருக்கு மின்சாரம் ஏற்ற வேண்டும், எந்த வளைவுகளில் துவாவுக்கு வாந்தி வரும். நாலு நாள் பயணத்தை ஹல்டிஸ் கட்டம் போட்ட நோட்டில் மணி வாரியாக எழுதினாள். முட்டி அறுவை சிகிச்சை முடிந்து மே மாதம் வீட்டோடு உட்கார்ந்தபோது அந்த நோட்டுதான் அவளுக்குத் துணை.

ஒரே ஓர் இடத்தில்தான் வாக்குவாதம் வந்தது. யோஸ்டைன் ராவ்நிபா மலைமேல் போகும் பழைய பாதையில் வர ஆசைப்பட்டான். முப்பத்தோரு கொண்டை ஊசி வளைவு, உச்சியில் ஜூலையிலும் பனிக்கட்டி மிதக்கும் ஏரி. ஹல்டிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. மூடுபனி வரும், எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை என்றாள். உண்மை அதில்லை. அந்தப் பாதை ஒன்றரை மணி நேரம் கூடுதல். அவர்கள் ஆறு மணிக்கு முன்னால் தன் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆறு வருடம் காத்திருந்தவளுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தை ஒரு ஏரிக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. சிவப்புப் பென்சிலில் எழுதினாள்: சுரங்கம்தான்.

நாலு இருபத்தைந்துக்கு மறுபடியும் அடித்தது.

"அக்கா." இந்த முறை சிரிப்பு இல்லை. "இன்னும் முடியல."

"எதிர்ல வண்டி வருதா?"

"ஒண்ணுகூட வரல. பின்னாலயும் யாருமில்ல."

கோடை விடுமுறை. சனிக்கிழமை சாயங்காலம். வீட்டையே இழுத்துக்கொண்டு போகும் வண்டிகள் வரிசை கட்டும் நேரம்.

"சுவத்துல பச்சைப் பலகை இருக்கும் பாரு. ரெண்டு பக்கமும் வெளிய போக எவ்ளோ தூரம்னு போட்டிருக்கும். படி."

துவா படித்தாள். கீச்சென்ற சின்னக் குரல். "பெரியம்மா, முன்னால அஞ்சு. பின்னால ஆறு."

ஹல்டிஸுக்கு மூச்சு வந்தது. "அவ்வளவுதான்! இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தான் இருக்கு. நாலு நிமிஷம். லைன்ல இரு."

இருந்தாள். மின்சாரக் கார் என்பதால் இயந்திரச் சத்தம் இல்லை. டயர் ஈரத்தில் உரசும் ஓசை மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. சுரங்கத்துக்குள் எங்கோ சொட்டும் தண்ணீர். இங்கே கிழங்குப் பானையின் மூடி தடதடத்தது.

"அடுத்த பலகை வருது," என்றாள் துவா. "முன்னால அஞ்சு."

"பின்னால?"

"பதினாலு."

ஹல்டிஸ் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"தப்பாப் படிச்சிருப்பே கண்ணு."

"இல்ல பெரியம்மா. ஒண்ணு, நாலு. பதினாலு."

"அவ சரியாத்தான் படிக்கறா," என்றாள் சிக்னே மெதுவாக. "நானும் பாத்தேன்."

திருப்புங்கள் என்றாள் ஹல்டிஸ். நடுவில் வண்டி திருப்ப இடம் வெட்டியிருக்கும், அங்கே திருப்பி வந்த வழியே போங்கள், நான் சாலைக் கண்காணிப்பு மையத்தில் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன். தன் குரல் பேருந்துக் காலத்துக் குரலாக, கட்டளைபோல வந்தது அவளுக்கே ஆறுதலாக இருந்தது.

மையத்தில் ஸ்வெர்ரே இருந்தான். இருபது வருடப் பழக்கம்.

"யாரு, ஹல்டிஸா? முட்டி என்ன சொல்லுது? நீ இல்லாம மலைப்பாதை ஆடெல்லாம் தைரியமா ரோட்டுல படுத்துக்குது."

"ஸ்வெர்ரே, ராவ்நிபா சுரங்கத்துல ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்லையே. வண்டிங்க ஓடிட்டே இருக்கு. ரெண்டு பக்கமும் செம கூட்டம்."

அவள் கார் எண்ணைச் சொன்னாள். சிவப்பு நிறம். தங்கை உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்றாள். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"மாட்டிக்கல. மூணு நாப்பத்தொண்ணுக்கு நுழைஞ்சிருக்கு. மூணு அம்பதுக்கு வெளிய வந்திருக்கு. கேமராப் படம் என் கண்ணு முன்னாலதான் இருக்கு. இந்நேரம் படகுல ஏறியிருப்பாங்க. உன் தங்கச்சி உன்னைக் கலாய்க்கிறா."

"படத்துல எத்தனை பேர்?"

"மூணு. ஓட்டறவரு, பக்கத்துல ஒரு பொம்பளை, பின்னால ஒரு குட்டிப் பொண்ணு." ஸ்வெர்ரே கொஞ்சம் நிறுத்தினான். "வேடிக்கைதான். மூணு பேரும் சிரிக்கிறாங்க. நேரா கேமராவைப் பாத்து."

"கேமரா கூரையிலதானே இருக்கு."

"ஆமா. அதான் சொல்றேன், வேடிக்கைன்னு."

"ஓட்டறவரும் மேலயா பாக்கறாரு?"

"அவரும்தான்."

ஹல்டிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். முட்டிக்குள் ஊசி ஏற்றியதுபோல் இழுத்தது. இருந்தாலும் ஒரு வண்டியை அனுப்பிப் பாரேன் என்று கெஞ்சினாள். ரோந்து வண்டி சுரங்க வாயிலில்தான் நிற்கிறது, உனக்காக ஒருமுறை உள்ளே ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன் என்றான்.

கலாய்க்கிறாளா? ஆறு வருடத்துக்குப் பழி வாங்குகிறாளா? அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஹல்டிஸ் நினைத்தாள். காரிலிருந்து இறங்கிச் சிக்னே விழுந்து விழுந்து சிரித்தால், கோபமே படாமல் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம். படகுத் துறையிலிருந்து இங்கே வர நாற்பது நிமிடம். தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். நாலு தட்டு. ஒவ்வொன்றாக, ஊன்றுகோலோடு, மெதுவாக.

கிழங்குப் பானையில் தண்ணீர் வற்றிக் கருகல் நாற்றம் வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

நாலு ஐம்பதுக்குச் சிக்னே. அழுதுகொண்டிருந்தாள்.

"திருப்பிட்டோம்க்கா. திருப்பி வந்துட்டே இருக்கோம். இந்தப் பக்கமும் முன்னால அஞ்சுன்னுதான் போட்டிருக்கு. எந்தப் பக்கம் பாத்தாலும் முன்னால அஞ்சு. பின்னால எழுபத்திரெண்டு. காருல சார்ஜ் ஏழு பர்சென்ட்தான் இருக்கு."

"ஏதாவது வண்டி வந்துச்சா? ரோந்து வண்டி அனுப்பியிருக்காங்க."

"வண்டி வரல." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா கொஞ்சம் முன்னாடி சுவத்துல மஞ்ச வெளிச்சம் சுத்திச் சுத்திப் போச்சு. எங்க பக்கத்துலயே உரசிட்டுப் போற மாதிரி. சத்தம்கூடக் கேட்டுச்சு. வண்டிதான் இல்ல. யோஸ்டைன் ஹாரன் அடிச்சாரு, கத்துனாரு. போயிடுச்சு."

ஹல்டிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சுவரு நல்லா இல்லக்கா. நாங்க வரும்போது சிமெண்ட் பூசியிருந்துச்சு. இப்ப வெறும் பாறை. தண்ணி வழியுது. கண்ணாடியைத் திறந்தா சூடா இருக்கு."

"திறக்காதே."

"அவசர டெலிஃபோன் பெட்டி ஒண்ணு இருக்கு. யோஸ்டைன் இறங்கிப் போயிருக்காரு."

"இறங்க வேண்டாம்னு சொல்லு! சிக்னே, அவரைக் கூப்பிடு."

"வர்றாரு. வந்துட்டாரு." கார்க் கதவு மூடும் சத்தம். யோஸ்டைன் ஏதோ சொன்னான். சொன்னதையே மறுபடி சொன்னான். சிக்னே அதை அக்காவுக்குத் திருப்பிச் சொன்னாள்.

"யாரோ எடுத்தாங்களாம். ஆனா பேசலையாம். கார் போற சத்தம் கேட்டுச்சாம். உள்ள துவா சிரிக்கிற சத்தம். அவரே பாட்டுப் பாடற சத்தம்." அவள் குரல் உடைந்தது. "துவா இங்க என் மடியில படுத்து அழுதுட்டிருக்காக்கா."

மேட்டில் ஆட்டு மணிகள் நின்றிருந்தன. எப்போது நின்றன என்று ஹல்டிஸுக்குத் தெரியவில்லை.

"நான்தான்," என்றாள். "அவர் மலை மேல வர்றேன்னு சொன்னாரு. நான்தான் சுரங்கம்னு எழுதினேன்."

"அதை விடுக்கா. இப்ப என்ன பண்றது, சொல்லு. உனக்குத் தெரியும்ல? நீ ஓட்டின ரோடுதானே?"

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. போய்க்கொண்டே இருங்கள் என்றும், வேண்டாம், நில்லுங்கள் என்றும் மாற்றி மாற்றிச் சொன்னாள். காரின் விளக்கை அணைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சொன்னாள். அரையிருட்டில் துவா வீறிட்டதும் மறுபடி போடச் சொன்னாள். நடுவில் ஸ்வெர்ரேயிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்து திரையில் நின்றது. ரோந்து வண்டியில் போன பையன் முழுக்க ஓட்டிவிட்டான், வழக்கமாகப் போய்வரும் வண்டிகளைத் தவிர ஒன்றும் இல்லை, நிம்மதியாக இரு.

கார் நின்றது. அது சத்தமில்லாமல் ஓடியதால் நின்றதும் தெரியவில்லை. டயர் ஓசை மட்டும் இல்லாமல் போயிற்று. இப்போது மூன்று பேர் மூச்சு விடுவது கேட்டது. தண்ணீர் சொட்டுவது கேட்டது.

அப்போதுதான் கீழே, தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு வரும் பாதையில், சிவப்பாக ஒன்று நகர்ந்தது.

ஹல்டிஸ் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சிவப்புக் கார். முகப்பு விளக்கு இரண்டும் எரிந்தன. இந்தப் பட்டப்பகலில் அவை மட்டும் இருட்டில் எரிவதுபோல் எரிந்தன. வேலியைத் தாண்டியது. பால்காரர் கொட்டகையைத் தாண்டியது. ஏற்றத்தில் வேகம் குறையவே இல்லை.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"ஏன் மூச்சு வாங்கற?"

கார் முற்றத்துக்குள் வந்து நின்றது. அதே எண். பக்கவாட்டிலிருந்து தண்ணீர் ஒழுகிச் சரளைக்கல்லில் சொட்டியது. நாலு நாளாக மழையே இல்லை.

கதவைப் பூட்ட வேண்டும். சாவி? அந்தக் கதவைக் கடைசியாக யார் பூட்டினார்கள்? எந்த டிராயரில் சாவி? இரண்டு அடி வைத்தாள். ஊன்றுகோல் வழுக்கி விழுந்தது. மேசையைப் பிடித்தாள். குனிய முடியவில்லை.

காரின் மூன்று கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தன.

மூன்று பேர் இறங்கினார்கள். நெடுநேரம் காரில் உட்கார்ந்து வந்தவர்கள் யாரும் சோம்பல் முறிக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொள்ளவில்லை. மலையைப் பார்க்கவில்லை, கடலைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்கள். சிரித்தார்கள்.

ஹல்டிஸ் கைபேசியை அணைக்காமல் ஏப்ரன் பைக்குள் போட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று தெரியவில்லை. அணைத்தால் போய்விடும் என்று தோன்றியது.

வெளிக்கதவு திறந்தது. காலணிகள் கழற்றப்படும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று... ஆறு. ஒவ்வொன்றும் சுவரோரம் ஒழுங்காக வைக்கப்பட்டது.

"அக்கா! வாசனை தேவாலயம் வரைக்கும் வருதே!"

சிக்னேயின் குரல். ஆறு வருடத்துக்கு முந்தைய, அழாத, சண்டை போடாத சிக்னே. கன்னத்தில் அதே மச்சம். நெற்றியில் அதே நரைக் கீற்று. கட்டிப்பிடித்தாள். ஈரப் பாறையும் புகையும் கலந்த வாடை. இருபத்தாறு வருடம் பேருந்து ஜன்னல் வழியாக ஹல்டிஸ் சுவாசித்த வாடை. தோள் சட்டைக்குள்ளிருந்து குளிர்ச்சி அவள் கழுத்தில் ஏறியது.

"உக்காருக்கா. முட்டியை வெச்சுக்கிட்டு ஏன் நிக்கறே?"

உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வது? அவர்களும் உட்கார்ந்தார்கள். காலுறைத் தடங்கள் வாசலிலிருந்து மேசை வரை ஈரமாக வந்திருந்தன. நாலு தட்டும் காலியாகவே இருந்தன. யாரும் தொடவில்லை.

"வழி நல்லா இருந்துச்சு ஹல்டிஸ்," என்றான் யோஸ்டைன் போன்றவன். "நீங்க போட்ட திட்டம் அப்படியே. ஒரு நிமிஷம்கூடப் பிசகல."

"திரும்பிப் போறப்ப நீயும் வர்றே," என்றாள் சிக்னே போன்றவள். அவள் கை ஹல்டிஸின் கைமேல் இருந்தது. கனமாக. எடுக்க முடியாத கனம். "தனியா இங்க என்ன பண்ணப்போறே? பின்னால இடம் இருக்கு."

ஏப்ரன் பைக்குள் கைபேசி முனகியது. மெல்லிய, துணியில் அமுங்கிய குரல்.

"அக்கா... சுரங்கத்து லைட் அணையுதுக்கா. அந்தக் கடைசியிலேருந்து ஒண்ணொண்ணா..."

மேசையில் மூன்று தலைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. பையைப் பார்த்தன. சிரிப்பு மாறவில்லை. ஹல்டிஸ் இன்னொரு கையால் பையை மூடப் போனாள். சிக்னே போன்றவள் அந்தக் கையையும் மென்மையாகப் பிடித்து மேசைமேல் வைத்தாள். உதட்டில் விரல் வைத்தாள். கேள் என்பதுபோல.

"பெரியம்மா." பைக்குள்ளிருந்து துவா. அழுது ஓய்ந்த குரல். "அம்மா என்னை எண்ணச் சொன்னாங்க. எண்ணினா பயம் போயிடுமாம். இன்னும் ஏழு லைட் இருக்கு."

ஹல்டிஸ் கைகளை உருவ முயன்றாள். பிடி தளரவில்லை.

"ஆறு."

எதிரே உட்கார்ந்திருந்த சிறுமி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கால்களை ஆட்டிக்கொண்டு, பையையே பார்த்தபடி இருந்தாள். அவள் உதடுகளும் அசைந்தன. சத்தமில்லாமல். துவாவோடு சேர்ந்து. துல்லியமாக.

"அஞ்சு."

"நாலு."